மண்ணிறப் பொந்தும் வெள்ளைப் பூவும்

கேள்விகள் மூன்று வகைப்படும் என்பது என் எழுபத்து மூன்று ஆண்டு வாழ்க்கையில் நான் கண்ட முடிவு. ஆண்டவனிடம் கேட்க வேண்டியவை ஒரு வகை. அறிந்த மனிதரிடம் கேட்க வேண்டியவை இன்னொரு வகை. யாரிடமும் கேளாமல், மூடியைத் திறந்து கண்ணால் பார்த்தாலே தீர்ந்துபோகின்றவை மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகைக் கேள்வி ஒன்றைக் கொண்டுபோய் அம்பாளின் திருமுன் வைத்து, அவள் தந்த விடைக்கு நானே உரையும் எழுதி, அந்த உரையினால் ஒரு குடும்பத்தின் பிழைப்பை இரண்டு மாதம் முடக்கிப்போட்டவன் நான். இதனைச் சிரிப்பாகச் சொல்ல வேண்டும் என்பது என் வீட்டாரின் கட்டளை. அவர்களுக்குச் சிரிப்புத்தான். எனக்கு இன்றும் காது சுடுகிறது.

அப்போது எனக்கு ஐம்பது வயது நிறையவில்லை. அறிவு நிறைந்துவிட்டது என்று நம்பிய பருவம். புதிய நூற்றாண்டு பிறந்து ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது. போரினால் கனகராயன்குளத்தை விட்டு இடம்பெயர்ந்த நாங்கள் வவுனியா நகரின் ஓரத்தில் வாடகை வீடொன்றில் குடியிருந்தோம். பகலில் பாடசாலையில் தமிழும் சைவசமயமும் கற்பிப்பேன். மாலையில் ஒழுங்கை முனையிலிருந்த அம்மன் கோயிலில் பதிகம் பாடுவேன். அந்தக் கோயிலின் பரிபாலன சபைச் செயலாளரும் நானே. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தபோது சிறப்பு மலர் ஒன்று வெளியிட வேண்டும் என்று முன்மொழிந்தவன் நான். மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபடியால் அதை ஏறக்குறைய வழிமொழிந்தவனும் நான்தான். மலராசிரியர் யார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அந்த மலரைக் கணினியில் எழுத்துக் கோத்துத் தந்தவள் லெட்சுமி. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். கனகராயன்குளத்தில் என்னிடம் படித்தவள். அவர்களும் எங்களைப் போலவே இடம்பெயர்ந்து வந்து, சந்தைக்குப் பின்னால் தகரக் கூரையிட்ட இரண்டு அறைகளில் வாழ்ந்தார்கள். பயிற்சி நிலையம் ஒன்றில் கணினி கற்ற லெட்சுமி, அங்கே கழித்து ஒதுக்கிய பழைய கணினி ஒன்றை வாங்கி முன்னறையில் வைத்திருந்தாள். கலியாணக் காட், இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கான நினைவு மலர், காணாமற்போன அடையாள அட்டைக்கான விண்ணப்பம் என்று ஊராருக்கு வேண்டியதையெல்லாம் அதிலே அடித்துக் கொடுத்து, தந்தையையும் இரண்டு தங்கைமாரையும் காத்துவந்தாள். அந்தக் குடும்பத்துக்கு வயல் என்றாலும் அதுதான். கறவை மாடு என்றாலும் அதுதான்.

(அன்று நான் அவரை ‘அவள்’ என்றே நினைத்தேன். ஆகையால் அன்றைய கதையை அப்படியே எழுதுகிறேன். திருத்த வேண்டிய இடம் வரும்போது திருத்திக்கொள்வேன்.)

தொல்லை மலரின் அட்டைப்படத்திலிருந்து தொடங்கியது. அம்பாளின் அலங்காரப் படத்தைக் கணினிக்குள் ஏற்றி, லெட்சுமி எனக்குத் திரையிலே காட்டினாள். பட்டுச் சேலை சிவப்புக் கட்டங்களாகச் சிதறியிருந்தது. திருமுகத்திலே பச்சைத் திட்டுகள்.

“பிள்ளை, அம்பாளுக்கு என்ன நடந்தது?” என்றேன்.

“ஒண்டும் நடக்கேல்லை சேர். இந்த மிசின்ல கிடக்கிற கிராபிக்ஸ் காட் பழசு. கன நிறம் காட்டாது. அச்சிலை வடிவாய் வரும்.”

“திரையிலே வராதது தாளிலே எப்பிடி வரும்?”

“வரும் சேர். உள்ளுக்குப் படம் சரியாய்த்தான் இருக்கு. எங்கட கண்ணுக்குக் காட்டுறதிலதான் பிழை.”

உள்ளே இருக்கும் பொருள் குறைவற்றது, காட்சியில்தான் குற்றம் என்ற இதே கருத்தை நான் இருபது ஆண்டுகளாகக் கோயில் பிரசங்கங்களில் சொல்லிவந்தவன். கேட்டவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள், சிலர் கண் கலங்கியும் இருக்கிறார்கள். ஆனால் அதை லெட்சுமி இரண்டே வாக்கியங்களில் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. அம்பாளைக் கட்டம் கட்டமாகக் காட்டுகின்ற கணினியில் அவளுடைய மலர் உருவாகக் கூடாது என்று மனத்துக்குள் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டு எழுந்து வந்தேன்.

அன்று மாலையே தொலைபேசி நிலையத்துக்குப் போய்க் கொழும்பிலிருந்த என் தமக்கையின் மகனை அழைத்தேன். கணினி விற்கும் கடையொன்றில் அவனுக்கு வேலை. நல்ல புதிய கிராபிக்ஸ் காட் ஒன்று கோயில் கைங்கரியத்துக்கு வேண்டும் என்றேன்.

“மதர்போட் எப்பிடி மாமா? பழசோ?”

“பழசுதான். ஆனால் நல்ல உறுதியானது.”

“மாமா, உறுதியைக் கேக்கேல்லை. ஏஜிபி இருக்கோ?”

“எல்லாம் இருக்கு,” என்றேன்.

(ஏஜிபி என்பதை ஏதோ படித்துப் பெறுகிற பட்டம் என்று நினைத்தேன். நம்மிடம் ஒரு பட்டம் இல்லை என்று மருமகனிடம் சொல்ல மனம் வருமோ?)

ஒரு கிழமையில் அட்டை வந்து சேர்ந்தது. சாம்பல் நிறப் பையைத் திறந்தபோது நானே ஒரு கணம் மெய்ம்மறந்துவிட்டேன். பச்சைப் பலகை, ஓர் ஓரத்திலே பொற்பற்கள் நிரை நிரையாக, நடுவிலே சிறு விசிறி, திருச்சக்கரம் போல. இதற்குக் ‘காட்சி அட்டை’ என்றும், மதர்போட்டுக்குத் ‘தாய்ப்பலகை’ என்றும் அன்றே பெயர் சூட்டினேன். சூட்டிய பெயரிலிருந்து ஒரு தத்துவமும் பிறந்தது. தாய் எவ்வளவு முதியவளாயிருந்தாலும் புதிதாய் வந்த பிள்ளையை மடியில் ஏற்காதிருப்பாளோ? இந்த வாதத்தை என் மனைவி தவமணியிடம் விரித்துரைத்தேன்.

“இஞ்சருங்கோ, பேரை நீங்கள்தானே வைச்சனீங்கள்?” என்றாள் அவள். “அதுக்கு அந்தப் பலகை என்ன செய்யும்?”

அட்டையை எடுத்துக்கொண்டு லெட்சுமி வீட்டுக்குப் போனேன். மறுநாள் யாருக்கோ அந்தியேட்டி. நினைவு மலரின் பிரதிகள் அச்சுப்பொறியிலிருந்து ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு வந்துகொண்டிருந்தன. லெட்சுமியின் தந்தை கறுப்பையா நிலத்திலிருந்து அவற்றை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை வெறுமனே ‘கறுப்பையா’ என்பேன். அவர் என்னைச் ‘சாமி’ என்பார். இதில் ஏதும் கோளாறு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

லெட்சுமி அட்டையை ஓரத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சேர், இது ஏஜிபி காட். இதுக்கு மதர்போட்டில மண்ணிறத்தில ஒரு பொந்து இருக்கோணும். மற்றப் பொந்துகள் வெள்ளை, கறுப்பு. அதுகளுக்குள்ள இது போகாது.”

“உன்ரை கணினியிலை மண்ணிறம் இருக்குத்தானே?”

“தெரியாது சேர். வாங்கின நாளில இருந்து நான் மூடி கழட்டேல்லை. திறந்து பாத்தால் ஒரு நிமிச வேலை. இப்ப மிசினை நிப்பாட்டேலாது, நாளைக்கு விடிய இவையளுக்கு மலர் குடுக்கோணும். நாளைக்குக் காலமை நான் இஞ்ச தங்கியிருக்கிறதுக்கான பாஸ் புதுப்பிக்கப் போகவேணும். மத்தியானம் வந்து பாக்கிறன். மண்ணிறம் இருந்தாப் போடலாம். இல்லாட்டி, தயவுசெய்து சேர், ஒண்டும் செய்யவேண்டாம். இந்தப் பழைய காட் வேலை செய்யுதுதானே.”

எவ்வளவு தெளிவான விளக்கம்! நான் வகுப்பிலே இதில் பாதித் தெளிவோடு ஒரு பாடத்தை விளக்கியிருந்தால் என் மாணவர்கள் எல்லோரும் சித்தியடைந்திருப்பார்கள். ஆனால் நான் அங்கிருந்து முகம் சிவந்து வெளியேறினேன். காரணத்தை இங்கே மறைத்தால் இந்தக் கட்டுரை எழுதுவதில் பயனில்லை.

லெட்சுமி ஒன்பதாம் வகுப்பில் படித்த காலத்தில் வலயப் பண்ணிசைப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்தேன். அவளுக்குக் குரல் இருந்தது, சுருதி விலகாது, பதிகத்தின் பதினொரு பாட்டும் மனப்பாடம். ஆனால் அவளுடைய பேச்சிலே மலைநாட்டுச் சாயல் இருந்தது. “உன்ரை நாக்கு இதுக்குச் சரிவராது” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, வேறொரு பிள்ளையை நிறுத்தினேன். அந்தப் பிள்ளை போட்டியில் நான்காம் பாட்டோடு நின்றுவிட்டது. பின்னர் லெட்சுமியின் நாவு எங்கள் பேச்சை எங்களிலும் நன்றாகக் கற்றுக்கொண்டது. நான்தான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. அப்படி நான் ஒதுக்கிய பிள்ளை, இன்று எனக்கு ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று சொல்வதா? அவள் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்வரை நான் கைகட்டிக் காத்திருப்பதா? அவளுக்கும் மேலான ஓரிடத்தில் கேட்பேன் என்று கோயிலை நோக்கி நடந்தேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணமோ பயணமோ, மனம் இரண்டுபட்ட கருமம் எதுவாயினும் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே வெற்றிலையில் மடித்து மூலஸ்தானத்தின் முன் வைத்து, வேண்டிக்கொண்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் விலக்கு. மாலைப் பூசை முடிந்ததும் ஐயரிடம் போய்ப் பூக்கட்டிப் பார்க்க வேண்டும் என்றேன்.

“நல்ல விசயம். மகனுக்குப் பேசுறியளோ?” என்றார் ஐயர்.

“இல்லை ஐயா. ஒரு அட்டை விசயம்.”

“அடையாள அட்டையோ? துலைஞ்சு போச்சோ?”

“கணினி அட்டை ஐயா. பழைய பலகைக்குப் புது அட்டை பொருந்துமோ எண்டு.”

ஐயர் பூத்தட்டைக் கீழே வைத்தார். “அந்தப் பெட்டியைத் திறந்து பாக்கேலாதோ?” என்றார்.

அம்பாள் தன் அர்ச்சகர் வாயிலாக எனக்கு அனுப்பிய முதல் எச்சரிக்கை அது என்று இப்போது நினைக்கிறேன். (அப்போது, இவருக்குக் கணினியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். எனக்கு என்ன தெரியும் என்று நினைக்கவில்லை.)

நந்தியாவட்டை ஒன்று, செவ்வரத்தை ஒன்று. இரண்டு மடிப்புகள். கண்களை மூடி ஒரு பதிகத்தை முழுதாகப் பாடி முடித்தேன். ஐயர் ஒரு மடிப்பை எடுத்து என் கையில் வைத்தார். பிரித்தேன். வெள்ளை.

அன்று நான் வீட்டுக்கு நடந்துபோன விதத்தைத் தவமணி இன்றும் நடித்துக் காட்டுவாள். சால்வையை மார்பில் விரித்துவிட்டு, தெருவின் நடுவால் நடந்தேனாம். வீட்டுக்கு வந்ததும் அட்டையைச் சுவாமி அறையில் வைத்துத் தீபம் காட்டினேன். விசிறியின் நடுவிலே சந்தனமும் குங்குமமும் இட்டேன். பஞ்சாங்கத்தை எடுத்து மறுநாளைய சுபவேளையைப் பார்த்தேன். முற்பகல் பத்து மணிக்குப் பின் ஒரு மணித்தியாலம் நன்றாயிருந்தது. லெட்சுமி திரும்புவது மத்தியானம்.

“அந்தப் பிள்ளை வரட்டுமன் அப்பா,” என்றாள் தவமணி.

“மத்தியானம் இராகுகாலம்,” என்றேன்.

மறுநாள் பாடசாலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, அட்டையைக் கற்பூரத்தோடு வெள்ளித்தட்டில் வைத்து, மேலே சால்வை போர்த்தி, லெட்சுமி வீட்டுக்குப் போனேன். கையிலே ஒரு ஸ்குரூடிரைவர். கறுப்பையா வாசலில் நின்றார்.

“பாப்பா பாஸ் ஆபீசுக்குப் போயிருக்குங்க சாமி.”

“தெரியும். அம்பாள் உத்தரவு குடுத்திட்டா. நேரம் போகுது. மூடியைக் கழட்டவேணும்.”

“வேணாங்க சாமி. பாப்பா வந்துரட்டுமே. அது வர்ற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போச்சு.”

“யாரையும் எண்டால் வழிப்போக்கரை. நான் ஆர்?”

அந்த மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் மகளின் வாத்தியார், கோயில் செயலாளர், கையிலே வெள்ளித்தட்டு. விலகி வழிவிட்டார். வழிவிட்ட பிறகும் வாசலிலிருந்து, “பாப்பா வந்துரட்டுங்க” என்று இன்னும் இரண்டு முறை மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டது. கேட்காததுபோல் நான்கு ஆணிகளைக் கழற்றினேன்.

மூடி திறந்தது. வாசகர்கள் இங்கே கவனிக்க வேண்டும். இரண்டு நாளாக எழுந்து நின்ற கேள்விக்கு விடை என் கண்முன்னால், முழங்கைத் தூரத்தில், பகல் வெளிச்சத்தில் கிடந்தது. வெள்ளைப் பொந்துகள் மூன்று. கறுப்புப் பொந்துகள் மூன்று. மண்ணிறம் ஒன்றுகூட இல்லை.

ஒரு மழலைப் பிள்ளையானாலும் அந்தக் கணத்தில் மூடியைத் திருப்பிப் போட்டிருக்கும். ஆனால் நான் உரைகாரன். பாட்டின் சொல்லுக்கு வெளிப்படையான பொருள் ஒன்று இருந்தால் அதன் உள்ளே வேறொரு பொருளைத் தேடிக் கண்டுபிடிப்பது என் தொழில். அம்பாள் தந்தது வெள்ளைப் பூ. என் எதிரே இருப்பது வெள்ளைப் பொந்து. ஆகா! அன்னை அனுமதி மட்டுமா தந்திருக்கிறாள்? இடத்தையுமல்லவா சுட்டிக் காட்டியிருக்கிறாள்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணிலே நீர்கூட வந்தது. (அந்தக் கண்ணீரை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் காது அதிகமாகச் சுடுகிறது.)

வேலை செய்துகொண்டிருந்த பழைய அட்டையைப் பிடுங்கி எடுத்தேன். புதிய அட்டையை வெள்ளைப் பொந்தின் மேல் வைத்தேன். பற்கள் பொருந்தவில்லை. பின்புறத் தகடு பெட்டியின் துவாரத்துக்கு நேரே வரவில்லை. பதிகம் பாடிக்கொண்டே சிறிது சரித்தேன், சிறிது நகர்த்தினேன். பலன் சொல்லும் கடைசிப் பாட்டு முடிந்ததும் உள்ளங்கையை வைத்து, என் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினேன். ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். அட்டை இறங்கியது. இறங்கியது என்றுதான் நான் நினைத்தேன்.

“பாத்தீரோ கறுப்பையா?” என்று கேட்டுவிட்டுச் சுவிச்சைப் போட்டேன்.

முதலில் ‘டப்’ என்றது. பிறகு ஒரு மெல்லிய புகை எழுந்தது. அது நேரே மேலே வந்து, தட்டிலிருந்த கற்பூரத்தை ஏளனம் செய்வதுபோல் என் முகத்தைச் சுற்றியது. கறுப்பையா ஓடிவந்து சுவரிலிருந்த வயரைப் பிடுங்கி எறிந்தார். அதன்பிறகு அறையில் எரிந்த பிளாஸ்ரிக் மணமும், இரண்டு கிழவர்களும், பேசாத ஒரு பெட்டியும் மட்டுமே இருந்தன. (நான் கிழவனானது அந்த நிமிடத்தில்தான்.)

அந்தப் பெட்டிக்குள் தொண்ணூற்றாறு பக்க மலரும் இருந்தது. கும்பாபிஷேகத்துக்கு இன்னும் பத்து நாள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: அந்த வேளையில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மலர்தான்; லெட்சுமியின் பிழைப்பு அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இந்த வரிசையை அம்பாள் குறித்து வைத்திருப்பாள்.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. வாசலில் கறுப்பையா நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே போய், ஒரு குவளையில் பால் விடாத தேநீர் கொண்டுவந்தார்.

“குடிங்க சாமி,” என்றார்.

மறுக்க முகமில்லாமல் வாங்கிக் குடித்தேன். இரண்டு மணித்தியாலம் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். தங்கைமார் இருவரும் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

லெட்சுமி சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். வந்தவள் வாசலிலேயே மூக்கைச் சுருக்கினாள். பிறகு மெதுவாக வந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். சரிந்து நிற்கும் அட்டையைப் பார்த்தாள். விசிறியின் மேலிருந்த சந்தனப் பொட்டையும் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவளுடைய முகத்தில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“சேர், மூடியைத் திறந்தனீங்கள்தானே?”

“ஓம்.”

“மண்ணிறப் பொந்து இருந்ததோ?”

“இல்லை.”

“அப்ப?”

பூக்கட்டிப் பார்த்ததைச் சொன்னேன். வெள்ளைப் பூ வந்ததைச் சொன்னேன். அதற்கு நான் கண்ட பொருளையும், குரல் தாழ்ந்துகொண்டே போக, சொல்லி முடித்தேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். வகுப்பிலும் அப்படித்தான் கேட்பாள்.

“அம்மன் சரியாத்தானே சேர் சொல்லியிருக்கிறா,” என்றாள். “உதுக்குள்ள வெள்ளைதான் கிடக்கு, மண்ணிறம் இல்லை எண்டு. அது உங்களுக்கு விளங்கேல்லையோ?”

இருபது ஆண்டு பாட்டுக்கு உரை சொல்லிப் பழகியவனை ஒரே வாக்கியத்தில் கீழே இறக்கி வைத்தாள். அதைவிடச் சிறந்த உரையை நான் இன்றுவரை எந்த மேடையிலும் கேட்டதில்லை. அம்பாள் பொய் சொல்லவில்லை என்று நிறுவியும் தந்துவிட்டாள். என் பக்தியைக் காப்பாற்றித் தந்தவளும் அவள்தான். நான் “பிழை விட்டிட்டன் பிள்ளை” என்றேன். ஒரு மாணவியிடம் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அவள் பெட்டிக்குள்ளிருந்து செங்கல் போன்ற ஒரு சாமானைக் கழற்றித் துணியில் சுற்றினாள். அதற்குள்தான் மலரின் பக்கங்கள் இருப்பதாகவும், அது தப்பியதா இல்லையா என்பதை வேறு கணினியில் பூட்டித்தான் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி, வந்த காலோடு சைக்கிளில் ஏறிப் பயிற்சி நிலையத்துக்குப் புறப்பட்டாள். வெயிலில் நான் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

அங்கே அதைப் பூட்டியதும் திரையைப் பார்த்தேன். அம்பாள்மீது நான் இயற்றிய வாழ்த்துப்பா முழுவதும் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் அடைப்புக்குறியுமாகத் தெரிந்தது. “அம்பாள் என்ரை தமிழைப் பறிச்சிட்டா!” என்று அலறிவிட்டேன். பயிற்சி நிலையத்தில் படித்துக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சத்தம் போடாதேங்கோ சேர்,” என்றாள் லெட்சுமி. “இஞ்ச எங்கட தமிழ் எழுத்து இல்லை. அவ்வளவுதான்.” பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்துப் போட்டாள். சிறிது நேரத்தில் என் தமிழ் எனக்குத் திரும்பிக் கிடைத்தது. அம்பாளின் திருமுகமும், அங்கிருந்த நல்ல திரையிலே, ஒரு திட்டும் இல்லாமல் தெரிந்தது. உள்ளே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அடுத்த ஆறு நாளும் பயிற்சி நிலையத்தில் மற்றவர்கள் எழுந்துபோகும் இடைவேளைகளில் உட்கார்ந்து லெட்சுமி மலரை முடித்துத் தந்தாள். கடைசிப் பக்கத்தை நான் ஒப்புநோக்கியபோது கை நின்றுவிட்டது. அது நன்றி நவிலல். நாற்பத்தொரு பேருக்கு நன்றி சொல்லியிருந்தேன். ‘காட்சி அட்டை அன்பளிப்புச் செய்த’ மருமகனுக்கும் நன்றி. பந்தல் கட்டக் கயிறு தந்தவருக்கும் நன்றி. தொண்ணூற்றாறு பக்கத்தையும் கோத்தவளின் பெயர் இல்லை. அந்தப் பட்டியலையும் அவளே, ஓர் எழுத்துப் பிழை இல்லாமல், அடித்துத் தந்திருந்தாள்.

“பிள்ளை, உன்ரை பேரைச் சேர்க்கவேணும்,” என்றேன்.

“என்ரை பேர் இல்லாட்டியும் பரவாயில்லை சேர். அப்பாவின்ரை பேரைப் போடுங்கோ. அவர் மூண்டு தரம் வேண்டாம் எண்டு சொன்னவராம்.”

இரண்டு பெயரையும் போட்டோம். ‘திரு.’ என்ற அடைமொழியோடு கறுப்பையா அண்ணையின் பெயர் அச்சில் வந்தது அதுவே முதல் தடவை. அவருக்கு அதை வாசித்துக் காட்டியபோது, “எதுக்குங்க சாமி இதெல்லாம்?” என்று கூச்சத்தோடு சிரித்தார். கும்பாபிஷேக மேடையில் பதிகம் பாட வருமாறு லெட்சுமியைக் கேட்டேன். “இப்ப நேரமில்லை சேர்,” என்று சொல்லிவிட்டார். அன்று அவருக்கு உண்மையில் நேரமில்லைதான். கணினி இல்லாத வீட்டில், பயிற்சி நிலையத்தின் இரவல் நேரத்தில் ஊரார் வேலையை முடிக்க அலைந்துகொண்டிருந்தார். மருமகன் தேடிப் பிடித்து ஒரு பழைய மதர்போட்டை அனுப்பிவைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதத்தில் கலியாணக் காட் அடிக்க வந்த பலர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். (ஆம், ‘அவர்’ என்று எழுதத் தொடங்கிவிட்டேன். திருத்த வேண்டிய இடம் வந்துவிட்டது.)

கருகிய அட்டையை நான் குப்பைத்தொட்டியில் போடப் போனேன். தவமணி தடுத்தாள். சுவாமி அறையில் வைத்துத் தீபம் காட்டிச் சந்தனம் சாத்திய பொருளைக் குப்பையில் போடக் கூடாது. அது நான் ஊருக்கு உபதேசித்த விதி. கிணற்றில் போடலாமா என்றேன். குடிக்கிற தண்ணீர் என்றாள். ஆகவே அது மறுபடியும் சுவாமி அறைக்கே போயிற்று. அதன் பின் வாடகை வீடுகள் பலவற்றுக்கு மாறினோம். ஒவ்வொரு முறையும் சுவாமிப் படங்களோடு அதுவும் துணியில் சுற்றி எங்களோடு வந்தது. இன்றும் பிள்ளையாருக்கும் அம்பாளுக்கும் நடுவே, விசிறியிலே உலர்ந்த சந்தனத்தோடு, ஒவ்வொரு விடியலிலும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

எங்கள் வீட்டிலே யாராவது ஒரு காரியத்தை அவசரமாகத் தொடங்கினால், “மண்ணிறம் பாத்தாச்சோ?” என்றுதான் கேட்பார்கள். மகனுக்குப் பெண் பார்த்தபோதும் கேட்டார்கள். எனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தபோதும் கேட்டார்கள். நகரில் இப்போது கணினிக் கடை வைத்திருக்கும் லெட்சுமி வீட்டுக்கு வரும்போதெல்லாம் சுவாமி அறையை எட்டிப் பார்த்து, அம்பாளைக் கும்பிட்டுவிட்டு, அட்டையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் மன்னிப்பு இருக்கிறதா என்று நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை.

மகனின் பிள்ளைகள் சென்ற விடுமுறைக்கு வந்திருந்தார்கள். சின்னவள் சுவாமி அறையில் நின்று, “அப்பப்பா, இது என்ன சாமி?” என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் தவமணி சொல்லிவிட்டாள்.

“அது அப்பப்பாவின்ரை தனிச்சாமி. அதுக்கு வெள்ளைப் பூ ஏறாது, சிவப்புப் பூவும் ஏறாது. மண்ணிறப் பூத்தான் வேணும். அப்பப்பா இருபது வருசத்துக்கு மேல தேடுறார், கிடைக்கேல்லை.”

பிள்ளை அதை உண்மையென்று எடுத்துக்கொண்டது. வளவு முழுதும் தேடித் திரிந்து, காய்ந்த பலா இலை ஒன்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது.

“மண்ணிறம் அப்பப்பா. இது சரிவருமோ? வைச்சுப் பாப்பமோ?”

“பொறு பிள்ளை,” என்றேன். “முதல்ல லெட்சுமி அன்ரியைக் கேப்பம்.”